இரண்டாவது மஞ்சள் கடுதாசி

கடன் தலைக்கு மேல் போய், இனி திருப்பிக் கொடுக்க வழியில்லை என்று ஒருவர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டால் நம் ஊரில் 'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்' என்பார்கள். கொஞ்சம் சட்டம் தெரிந்தவர்கள் 'ஐ.பி. கொடுத்துவிட்டார்' என்பார்கள். இரண்டுமே சம்பந்தப்பட்டவர் எழுந்து போன பிறகு குரலைத் தாழ்த்திப் பேசும் பேச்சு. அமெரிக்காவுக்குப் போன தமிழர்களும் அந்தத் தாழ்ந்த குரலைக் கையோடு எடுத்துப் போயிருக்கிறார்கள். அங்கேயோ திவால் மனு என்பது சட்டம் கொடுக்கும் உரிமை. 2024-ஆம் ஆண்டில் மட்டும் அந்த நாட்டின் நீதிமன்றங்களில் 5 லட்சத்துக்கும் அதிகமான திவால் மனுக்கள் வந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை சாதாரணக் குடும்பங்கள் கொடுத்தவை.

ஒருமுறை கொடுத்துவிட்டு, மூச்சு வாங்கி, எழுந்து நின்று, சில ஆண்டுகளில் மறுபடியும் அதே பள்ளத்தில் விழுந்தவர்களைப் பற்றியது இந்தக் கட்டுரை. அவர்களுடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இன்னொரு முறை கொடுக்க விடுவார்களா? விடுவார்கள். வாழ்நாளில் இத்தனை முறைதான் என்று அமெரிக்கச் சட்டம் எங்கும் எண்ணிக்கை வைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியே போதாது. இரண்டாவது மனு உங்களுக்கு எதைக் கொடுக்கும், எதைக் கொடுக்காது என்பதுதான் கேட்க வேண்டியது. அதைக் கேட்காமல் மனுப் போட்டவர்கள் கட்டணத்தையும் இழந்து, கையிலிருந்த பாதுகாப்பையும் இழந்து நிற்பதுண்டு.

திவால் சட்டம் கடனாளிக்கு இரண்டு வெவ்வேறு பொருள்களைத் தருகிறது. ஒன்று, தடையாணை. மனுவை நீதிமன்றத்தில் சேர்த்த அந்தக் கணமே, நீதிபதி கையெழுத்திடக்கூடத் தேவையில்லாமல், அது தானாக அமலுக்கு வருகிறது. வசூல்காரரின் தொலைபேசி நிற்க வேண்டும், சம்பளப் பிடித்தம் நிற்க வேண்டும், வீட்டின் ஏலம் நிற்க வேண்டும், வண்டியைத் தூக்கிப்போக வருபவர் திரும்பிப் போக வேண்டும். மற்றொன்று, கடன் விடுவிப்பு. வழக்கின் முடிவில், இந்தக் கடன்களை இனி இவரிடம் யாரும் கேட்கக் கூடாது என்று நீதிமன்றம் பிறப்பிக்கும் உத்தரவு அது. தடையாணை அவகாசத்தைக் கொடுக்கிறது. விடுவிப்பு கடனையே துடைக்கிறது. முதல் மனுவில் இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால் இவை வேறு வேறு என்று யாரும் கவனிப்பதில்லை. இரண்டாவது மனுவில் இவை பிரிந்து போகின்றன. ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காமல் போகலாம். இரண்டுமே கிடைக்காமலும் போகலாம்.

இங்கே தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'தள்ளுபடி' என்ற ஒரே சொல்லை நாம் இரண்டுக்கும் சொல்கிறோம். கடன் தள்ளுபடி ஆனால் நல்ல செய்தி. மனு தள்ளுபடி ஆனால் கெட்ட செய்தி. 'என் பழைய கேஸ் தள்ளுபடி ஆகிவிட்டது' என்று ஒருவர் சொன்னால் எது தள்ளுபடி ஆனது என்று கேட்டே ஆக வேண்டும். கடன் விடுவிக்கப்பட்டதா, தவணை கட்டத் தவறியதால் வழக்கு தூக்கி எறியப்பட்டதா? இரண்டாவது மனுவின் கதி முழுவதும் இந்தப் பதிலில்தான் தொங்குகிறது.

தனிமனிதர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் போகிறார்கள். சட்டத்தின் அத்தியாய எண்களையே பெயராக வைத்து சாப்டர் 7, சாப்டர் 13 என்கிறார்கள். சாப்டர் 7-இல், சட்டம் பாதுகாக்கும் அளவுக்கு மேல் சொத்து இருந்தால் டிரஸ்டி எனப்படும் பொறுப்பாளர் அதை விற்றுக் கடன்காரர்களுக்கு, அதாவது கடன் கொடுத்தவர்களுக்கு, பங்கிடுகிறார். மீதிக் கடன் துடைக்கப்படுகிறது. பெரும்பாலானவர்களிடம் விற்க ஒன்றும் இருப்பதில்லை. நான்கு மாதங்களில் முடிந்துவிடும். சாப்டர் 13 சம்பளம் வருகிறவர்களுக்கானது: 3 முதல் 5 ஆண்டுகள் வரை மாதாமாதம் டிரஸ்டியிடம் பணம் கட்டி, கடைசித் தவணை முடிந்த பிறகு மீதி விடுவிக்கப்படும். வீட்டுத் தவணை பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி வீட்டைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கு இதுதான் வழி.

இனி ஆண்டுக் கணக்கு. முன்பு சாப்டர் 7-இல் கடன் விடுவிப்பு பெற்றவர் மீண்டும் சாப்டர் 7-இல் விடுவிப்பு பெற 8 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். அவரே சாப்டர் 13-க்குப் போனால் 4 ஆண்டுகள் போதும். முன்பு சாப்டர் 13-இல் விடுவிப்பு பெற்றவர் சாப்டர் 7-க்கு வர 6 ஆண்டுகள் வேண்டும். ஆனால் பழைய திட்டத்தில் அடமானமோ ஈடோ இல்லாத கடன்களை முழுமையாகக் கட்டியிருந்தாலோ, நேர்மையாகத் தம்மால் முடிந்த அளவு முயன்று 70 சதவீதம் கட்டியிருந்தாலோ அந்த 6 ஆண்டுத் தடை இல்லை. சாப்டர் 13-இலிருந்து மீண்டும் சாப்டர் 13 என்றால் 2 ஆண்டுகள். திட்டமே மூன்று ஆண்டுக்கு மேல் ஓடுவதால் இந்தக் கடைசி விதி நடைமுறையில் அதிகம் குறுக்கே வராது.

எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கடன் விடுவிப்பு கிடைத்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. பழைய மனுவைச் சேர்த்த நாளிலிருந்து புதிய மனுவைச் சேர்க்கும் நாள் வரை எண்ண வேண்டும். ஒருவர் 2019 மார்ச் 11-இல் சாப்டர் 7 மனுவைச் சேர்த்து, அந்த ஜூலையில் விடுவிப்பு பெற்றார் என்று வைத்துக்கொள்வோம். 2023 மார்ச் நடுவிலிருந்தே அவர் விடுவிப்போடு கூடிய சாப்டர் 13-க்குத் தகுதி பெற்றுவிட்டார். சாப்டர் 7 வேண்டுமென்றால் 2027 மார்ச் 11 கழிய வேண்டும். இது தெரியாமல் 2027 பிப்ரவரியில் அவர் மனுப் போட்டால் யாரும் தடுக்க மாட்டார்கள். நீதிமன்ற அலுவலகம் மனுவைப் பெற்றுக்கொள்ளும், 338 டாலர் கட்டணத்தையும் பெற்றுக்கொள்ளும். அவருடைய சொத்து டிரஸ்டியின் கைக்குப் போகும். கடன் மட்டும் விடுவிக்கப்படாது. 'தெரியாமல் போட்டுவிட்டேன், திருப்பிக் கொடுங்கள்' என்று சாப்டர் 7 மனுவை விருப்பம்போல் வாபஸ் வாங்கவும் முடியாது. அதற்கு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். ஒரு மாதம் முந்தியதற்காக ஒரு குடும்பம் இத்தனையும் இழக்கலாம்.

இந்த எட்டு ஆண்டு எங்கிருந்து வந்தது? 1898-ஆம் ஆண்டின் திவால் சட்டம் முதலில் இப்படி ஓர் இடைவெளியை வைக்கவே இல்லை. 1903-இல் திருத்தம் கொண்டுவந்து 6 ஆண்டு என்றார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் அது அப்படியே இருந்தது. இதற்கிடையில் 1934-இல் உச்ச நீதிமன்றம், நேர்மையான ஆனால் துரதிருஷ்டம் பிடித்த கடனாளிக்குப் பழைய கடனின் அழுத்தம் இல்லாத புதிய வாழ்வைக் கொடுப்பதே இந்தச் சட்டத்தின் நோக்கம் என்று எழுதியது. 1990-களில் கடன் அட்டை நிறுவனங்களும் வங்கிகளும் வேறு விதமாகப் பேசத் தொடங்கின: மக்கள் இந்தச் சட்டத்தைத் துஷ்பிரயோகம் செய்கிறார்கள், கடுமையாக்க வேண்டும். 2000-இல் நாடாளுமன்றம் அனுப்பிய மசோதாவில் பில் கிளின்டன் கையெழுத்திடவில்லை. 2005 ஏப்ரலில் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார். அந்தச் சட்டம்தான் 6 ஆண்டை 8 ஆண்டாக்கியது. அது அமலுக்கு வந்த 2005 அக்டோபர் 17-க்கு முன்பே மனுப் போட்டுவிட வேண்டும் என்று மக்கள் நீதிமன்றங்களில் வரிசையில் நின்றார்கள். அந்த ஆண்டு மனுக்களின் எண்ணிக்கை 20 லட்சத்தைத் தாண்டியது. விவிலியத்தின் உபாகமம் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை கடனை விட்டுவிடச் சொல்கிறது. புதிய சட்டம் அதையும் ஓர் ஆண்டு தாண்டிவிட்டது.

அப்போது ஹார்வர்டில் சட்டப் பேராசிரியராக இருந்த எலிசபெத் வாரன் இந்த மாற்றத்தைக் கடுமையாக எதிர்த்தார். அவரும் உடன் ஆய்வு செய்தவர்களும் திவால் நீதிமன்றக் கோப்புகளைப் புரட்டிப் பார்த்தபோது, குடும்பங்களை அங்கே கொண்டுவந்தவை பெரும்பாலும் வேலை இழப்பு, நோய், மணமுறிவு என்ற மூன்றுதான் என்று கண்டார்கள். அவர்கள் பக்கம்தான் நான் நிற்கிறேன். சிறுநீரகம் செயலிழப்பதும் நிறுவனம் ஆட்களைக் குறைப்பதும் எட்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் நிகழும் என்று எந்த நாட்காட்டியிலும் எழுதியிருக்கவில்லை. 2019-இல் மணமுறிவால் விழுந்தவர் 2024-இல் புற்றுநோயால் விழலாம். இரண்டாவது முறை வருபவரைப் பொறுப்பற்றவர் என்று கருதிக்கொண்டு எழுதப்பட்ட விதி, அவரைக் குற்றம் செய்தவர் போலவே நடத்துகிறது.

பழைய வழக்கில் விடுவிப்பே கிடைக்கவில்லை, மனுதான் தள்ளுபடி ஆனது என்றால் மேலே சொன்ன ஆண்டுக் கணக்கு எதுவும் பொருந்தாது. வேறு கணக்கு பொருந்துகிறது, அது நாள்கணக்கு. கடந்த ஓராண்டுக்குள் ஒரு வழக்கு தள்ளுபடி ஆகியிருந்தால், புதிய மனுவோடு வரும் தடையாணை 30 நாளில் காலாவதியாகிவிடும். நீட்டிக்க வேண்டுமென்றால் அந்த 30 நாளுக்குள் விண்ணப்பித்து, விசாரணையும் முடிந்திருக்க வேண்டும். நல்லெண்ணத்தோடுதான் வந்திருக்கிறேன் என்று நிரூபிக்கும் பாரம் கடனாளியின் தலையில் விழுகிறது: அப்போது வேலை இல்லை, இப்போது இருக்கிறது, அப்போது குழந்தை மருத்துவமனையில் இருந்தது, இப்போது வீட்டில் இருக்கிறது என்று மாறிய நிலையைக் காட்ட வேண்டும். அந்த 30 நாளுக்குப் பிறகு தடையாணை கடனாளியை மட்டும்தான் கைவிடுகிறதா, அவர் சொத்தையும் சேர்த்துக் கைவிடுகிறதா என்பதில் நீதிமன்றங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஆகவே உங்கள் ஊர் நீதிமன்றம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் இதில் இறங்கக் கூடாது. ஓராண்டுக்குள் இரண்டு வழக்குகள் தள்ளுபடி ஆகியிருந்தால் மூன்றாவது மனுவுக்குத் தடையாணை தானாக வராது. நீதிபதியிடம் கேட்டுப் பெற வேண்டும்.

180 நாள் விதி ஒன்றும் இருக்கிறது. நீதிமன்ற உத்தரவை வேண்டுமென்றே மதிக்காததால் பழைய வழக்கு தள்ளுபடி ஆகியிருந்தாலோ, தடையாணையை விலக்கக் கோரி வங்கி விண்ணப்பித்த பிறகு கடனாளியே வழக்கை வாபஸ் வாங்கியிருந்தாலோ, அடுத்த 180 நாட்களுக்கு அவர் மனுவே போட முடியாது. ஏலத்துக்கு முதல் நாள் மனுப் போடுவது, ஏலம் நின்றதும் வாபஸ் வாங்குவது, அடுத்த ஏலத்துக்கு முதல் நாள் மறுபடி போடுவது என்று சிலர் செய்ததைத் தடுக்கத்தான் இது. 'ஏலத்தை நிறுத்தித் தருகிறோம், இங்கே கையெழுத்துப் போடுங்கள்' என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் இந்த விதியைச் சொல்வதில்லை.

இதைவிடக் கொடிய நிலை ஒன்று உண்டு. பழைய சாப்டர் 7 வழக்கில் சொத்தை மறைத்ததற்காகவோ பொய்க் கணக்குக் கொடுத்ததற்காகவோ நீதிமன்றம் விடுவிப்பை மறுத்திருந்தால், அந்த வழக்கில் இருந்த கடன்கள் எத்தனை ஆண்டு கழித்து சாப்டர் 7-க்கு வந்தாலும் துடைக்கப்படாது.

இனி நான் கொஞ்சம் நின்று பேச விரும்பும் இடத்துக்கு வருகிறேன்: மக்கள் ஏன் திரும்பி வருகிறார்கள்? திரும்பி வருபவர்களில் பெரும்பங்கினர் முன்பு கடன் விடுவிப்பு பெற்றுச் சுகமாக இருந்தவர்கள் அல்லர். சாப்டர் 13-இல் சேர்ந்து, தவணை கட்ட முடியாமல் பாதியில் வெளியேற்றப்பட்டவர்கள். ஐந்து ஆண்டு என்பது நீண்ட காலம். வீட்டுச் செலவுக்கு ஒட்ட ஒட்டக் கணக்குப் போட்ட திட்டத்தில் ஒரு மாதம் வண்டியின் கியர்பாக்ஸ் போனால் தவணை தவறும். இரண்டு மூன்று தவறினால் வழக்கு போகும். கடன்கள் வட்டியோடு திரும்பி வரும். அதுவரை கட்டிய பணத்தில் ஒரு பகுதி டிரஸ்டியின் கட்டணத்துக்கும் வழக்கறிஞருக்கும் போயிருக்கும்.

அப்படியானால் நான்கு மாதத்தில் முடியும் சாப்டர் 7-ஐ விட்டுவிட்டு ஏன் இதில் சேர்கிறார்கள்? வீடு ஒரு காரணம். வழக்கறிஞரின் கட்டணம் இன்னொரு காரணம், இதைப் பலர் வெளியே பேசுவதில்லை. சாப்டர் 7-இல் வழக்கறிஞர் கட்டணத்தை முன்பணமாகவே வாங்கிவிடுவார். பாக்கி வைத்தால் அந்தப் பாக்கியும் மற்றக் கடன்களோடு சேர்ந்து துடைக்கப்பட்டுவிடும் அல்லவா. ஆயிரம் டாலரைத் தாண்டும் அந்தத் தொகை, திவாலாகும் நிலையில் இருப்பவரிடம் ஏது? சாப்டர் 13-இல் கட்டணம் இதைவிடப் பல மடங்கு, ஆனால் மாதத் தவணைக்குள்ளேயே கரைத்துக் கட்டலாம். கையில் காசில்லாதவர் அதிகச் செலவுள்ள, அதிகம் தோற்கும் வழிக்குத் தள்ளப்படுகிறார். மெம்ஃபிஸ் போன்ற தென்பகுதி நகரங்களில் இந்தப் போக்கு மிக வலுவாக இருக்கிறது. அதில் சிக்குபவர்களில் கறுப்பின மக்கள் அளவுக்கு மீறி இருக்கிறார்கள்.

சிகாகோவில் இது இன்னொரு வடிவம் எடுத்தது. அங்கே நகராட்சியிடம் கட்டணம் கட்டி வாங்கும் நகரச் சீட்டை வண்டியில் ஒட்டாததற்கு 200 டாலர் அபராதம். குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் மேலும் ஏறும். இப்படிச் சேர்ந்த அபராதத்துக்காக நகராட்சி வண்டியைத் தூக்கிப்போகும். பாக்கி அதிகமானால் ஓட்டுநர் உரிமமும் முடக்கப்பட்டு வந்தது. இந்த உரிம முடக்கத்தை இல்லினாய் மாநிலம் 2020-இல்தான் கைவிட்டது. வண்டி இல்லாமல் வேலைக்குப் போக முடியாது. அரசு அபராதங்களை சாப்டர் 7 துடைக்காது. சாப்டர் 13 துடைக்கும். ஆகவே முன்பணம் எதுவும் வேண்டாம் என்று விளம்பரம் செய்த வழக்கறிஞர்களிடம் ஆயிரக்கணக்கானோர் போனார்கள். மனுப் போட்டு வண்டியை மீட்டார்கள், சில மாதத்தில் தவணை தவறினார்கள், வண்டி மறுபடி போனது, மறுபடி மனுப் போட்டார்கள். இதை 2018-இல் புரோபப்ளிக்கா என்ற புலனாய்வு இதழியல் நிறுவனம் விரிவாக வெளிக்கொணர்ந்தது. நகராட்சியோ, மனுப் போட்டாலும் வண்டியைக் கொடுக்க மாட்டோம் என்று நின்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மனுவுக்கு முன்பே பிடித்த வண்டியைச் சும்மா வைத்திருப்பது, வழக்கில் சுட்டிய சட்டப் பிரிவின்படி, தடையாணையை மீறுவதாகாது என்று 2021 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. ஒரு வண்டிச் சீட்டில் தொடங்கிய கடன் மூன்றாவது திவால் மனுவில் போய் நிற்கும்போது, மறுமனுக்காரர் என்ற சொல் எந்த மனிதரைக் குறிக்கிறது என்று நீதிபதிகளும் யோசிக்க வேண்டும்.

விடுவிப்புக்குத் தகுதி இல்லாத காலத்திலும் இரண்டாவது மனு பயன்படும் இடங்கள் இருக்கின்றன. சாப்டர் 7 முடிந்த கையோடு சாப்டர் 13-க்குப் போவதை, 7-ஐயும் 13-ஐயும் கூட்டி 'சாப்டர் 20' என்று வழக்கறிஞர்கள் அழைக்கிறார்கள். அப்படி ஒரு அத்தியாயம் சட்டத்தில் கிடையாது. சாப்டர் 7 கடன் அட்டைப் பாக்கியைத் துடைத்துவிடும், ஆனால் வீட்டின் மேலுள்ள அடமானம் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த அடமானப் பாக்கியை சாப்டர் 13 திட்டத்தில் வைத்து ஐந்து ஆண்டில் கட்டலாம் என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் ஒரு கான்சஸ் விவசாயியின் வழக்கில் ஏற்றுக்கொண்டது. நான்கு ஆண்டு கடக்காததால் விடுவிப்பு கிடைக்காது. வேண்டியதும் விடுவிப்பு அன்று, அவகாசம்தான். வரிப் பாக்கியைத் தவணையில் கட்ட நினைப்பவருக்கும் இது பொருந்தும். ஆனால் மீதமாவது துடைக்கப்படும் என்ற நம்பிக்கையில் இதில் இறங்கினால் ஏமாற்றம்தான்.

எந்த மனுவும் துடைக்காத கடன்களை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: பிள்ளைகளுக்கும் பிரிந்த துணைக்கும் கட்ட வேண்டிய பராமரிப்புத் தொகை, அண்மைக் கால வருமான வரி, மோசடியால் வந்த கடன், பெரும்பாலான கல்விக் கடன். கல்விக் கடனில் மட்டும் 2022 நவம்பரில் நீதித்துறை புதிய வழிகாட்டுதலை வெளியிட்டது. அதன் பிறகு கூட்டரசுக் கல்விக் கடனைத் துடைக்கக் கோருவது முன்பைவிட எளிதாகியிருக்கிறது. முதல் மனுவின்போது 'முடியாது' என்று கேட்டவர்கள் இன்னொரு முறை விசாரிப்பது நல்லது.

முதல் வழக்கில், வண்டிக் கடனை மட்டும் தொடர்ந்து கட்டுவதாக மறுபடி உறுதிசெய்து கையெழுத்திட்டவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கடன் விடுவிப்பில் சேராமல் உயிரோடு தொடர்ந்திருக்கும்.

இனி, மனுவுக்கு முன்னால் செய்யும் பிழைகள். இவற்றைச் செய்ய வைப்பது பெரும்பாலும் வெட்கம். இரண்டாவது முறை நீதிமன்றப் படி ஏறக் கூடாது என்ற வைராக்கியத்தில் முதலில் கை வைப்பது 401(கே) ஓய்வூதியச் சேமிப்பில். அந்தச் சேமிப்பைத் திவால் வழக்கில் கடன்காரர் யாரும் தொட முடியாது. அதை எடுத்து, வயது போதாததற்கு 10 சதவீத அபராதமும் வருமான வரியும் கட்டி, துடைக்கக்கூடிய கடன் அட்டைப் பாக்கியில் கொட்டுகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பணமும் இல்லாமல் மனுவும் போடுகிறார்கள். ஐம்பது வயதுக்காரர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய இழப்பை எந்த வசூல்காரராலும் உண்டாக்க முடியாது.

அடுத்தது உறவுக்காரர் கடன். வங்கிக்குக் கொடுக்காவிட்டாலும் மாமாவிடம் வாங்கிய கைமாற்றை முதலில் அடைத்துவிட வேண்டும் என்பது நம் வளர்ப்பு. மனுவுக்கு முந்திய ஓராண்டில் நெருங்கிய உறவினருக்கு 600 டாலரோ அதற்கு மேலோ கடன் திருப்பிக் கொடுத்திருந்தால், ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டியதாகக் கொண்டு டிரஸ்டி அந்தப் பணத்தை மாமாவிடமிருந்து திரும்ப வாங்க வழக்குப் போடலாம். நன்றிக்குச் செய்தது மாமாவை நீதிமன்றத்துக்கு இழுத்துவிடும். நண்பர் ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடன் என்றால், சாப்டர் 7-இல் உங்கள் பொறுப்பு மட்டும்தான் போகும், நண்பரை விடமாட்டார்கள். சாப்டர் 13-இல், திட்டம் ஓடும் வரை அவருக்கும் ஓரளவு பாதுகாப்பு உண்டு.

மூன்றாவது, ஊரில் இருக்கும் சொத்து. மனுவில் உலகின் எந்த மூலையில் இருக்கும் சொத்தையும் காட்ட வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்தில் பாகம் பிரிக்காத பூர்வீக நிலத்தில் ஒரு பங்கு, சென்னையில் அம்மா பெயரோடு சேர்ந்த கூட்டுக் கணக்கு, லாக்கரில் இருக்கும் நகை எல்லாமே இதில் அடங்கும். 'அது அங்கேதானே இருக்கிறது, இவர்களுக்கு எப்படித் தெரியும்' என்று விட்டுவிடுவதும், மனுவுக்கு முன் தம்பி பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடுவதும் விடுவிப்பையே மறுக்கச் செய்யும் காரியங்கள். மறுத்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். காட்டினால் பெரும்பாலும் அதன் மதிப்பையும் சட்ட விலக்கையும் வைத்துப் பேசித் தீர்த்துக்கொள்ள வழி இருக்கும். மறைத்துப் பிடிபட்டால் அந்த வழியும் அடைபடும்.

நாள் இன்னும் வரவில்லை, 2027 வரை காத்திருக்க வேண்டும் என்பவர் அதுவரை என்ன செய்வது? முதலில், வழக்கு நோட்டீஸ் வந்தால் பதில் கொடுக்க வேண்டும். கடன் அட்டை வழக்குகளில் பெரும்பாலானவை கடனாளி பதிலே கொடுக்காததால் ஒருதலைப்பட்சமாக முடிகின்றன. பழைய கடன்களை அடிமாட்டு விலைக்கு வாங்கி வழக்குப் போடும் நிறுவனங்களிடம் பல சமயம் சரியான ஆவணமே இருப்பதில்லை. காலவரம்பையும் பார்க்க வேண்டும். நம் ஊரில் பிராமிசரி நோட்டு மூன்று ஆண்டு ஆனால் செல்லாது, அதற்குள் வரவு வைத்துக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்பது கடன் கொடுக்கிற எல்லாருக்கும் தெரியும். அங்கும் அதே தர்க்கம்தான்: நியூயார்க்கில் 2022 முதல் நுகர்வோர் கடனுக்கு 3 ஆண்டு, கலிஃபோர்னியாவில் 4 ஆண்டு. பல மாநிலங்களில் பழைய கடனுக்கு 20 டாலர் கட்டினாலே கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும். வசூல்காரர் 'நல்லெண்ணத்துக்கு ஏதாவது கட்டுங்கள்' என்று கெஞ்சுவது பெரும்பாலும் இதற்காகத்தான்.

தீர்ப்பு வந்தாலும் உலகம் முடிந்துவிடாது. சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தில், வரி போன்றவை போக மீதியில் 25 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது என்பது கூட்டரசுச் சட்டம். டெக்சாஸில் இத்தகைய கடனுக்குச் சம்பளப் பிடித்தமே இல்லை. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தைத் தனியார் கடன்காரர் தொட முடியாது. அந்த ஓய்வூதியம் ஒன்றே வருமானமாகவும் வாடகை வீடுமாக இருக்கும் முதியவருக்கு இரண்டாவது மனுவே தேவைப்படாமல் போகலாம். அவரிடமிருந்து எடுக்க ஒன்றும் இல்லை. தொலைபேசித் தொல்லையை நிறுத்த வசூல் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் போதும், 1977-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. மருத்துவமனைக் கடன் என்றால், லாபநோக்கற்ற மருத்துவமனைகள் ஏழைகளுக்கான கட்டண உதவித் திட்டம் வைத்திருக்க வேண்டியது சட்டக் கட்டாயம். அந்த விண்ணப்பத்தைக் கேட்டு வாங்க வேண்டும். அவர்களாகவே கொடுப்பது அரிது.

லாபநோக்கற்ற கடன் ஆலோசனை மையங்கள் வட்டியைக் குறைக்கப் பேசி மூன்று முதல் ஐந்து ஆண்டில் அடைக்கும் திட்டம் போட்டுத் தரும். நிலையான சம்பளம் இருப்பவருக்கு அது ஒத்துவரும். 'பாதிக்குப் பாதி முடித்துத் தருகிறோம்' என்று விளம்பரம் செய்யும் தனியார் நிறுவனங்களை இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தவணையை நிறுத்திவிட்டு எங்களிடம் சேமியுங்கள் என்பார்கள். அந்த இடைவெளியில் கடன்காரர் வழக்குப் போட்டுவிடுவார். வேலை முடிவதற்கு முன் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2010 முதல் விதி இருக்கிறது. முன்பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். குறைக்கப்பட்ட தொகை 600 டாலரை எட்டினால் அது உங்கள் வருமானமாக வரித்துறைக்குத் தெரிவிக்கப்படும் என்பதையும் அவர்கள் சொல்வதில்லை. திவால் வழக்கில் துடைக்கப்பட்ட கடனுக்கு இப்படி வரி விழுவதில்லை.

கணவன் மனைவி இருவரில் ஒருவர் மட்டும் முன்பு மனுப் போட்டிருந்தால், ஆண்டுத் தடை அவருக்கு மட்டும்தான். கடன் பெரும்பாலும் மற்றவர் பெயரில் இருந்தால் அவர் தனியாகப் போகலாம். கட்டணம் கட்ட முடியாத ஏழைகளுக்கு சாப்டர் 7-இல் நீதிமன்றக் கட்டணத்தை விலக்கவும் வழி இருக்கிறது. சிக்கலில்லாத வழக்குகளுக்குச் சட்ட உதவி மையங்களும், அப்ஸால்வ் போன்ற இலவச இணையச் சேவையும் படிவம் நிரப்ப உதவுகின்றன. ஆனால் பழைய வழக்கு ஒன்று தள்ளுபடி ஆகியிருக்கிறது, வீடோ ஊர்ச் சொத்தோ இருக்கிறது என்றால் திவால் வழக்குகளையே நடத்தும் வழக்கறிஞரிடம்தான் போக வேண்டும். பலர் முதல் சந்திப்புக்குக் கட்டணம் வாங்குவதில்லை.

அவரிடம் போகும்போது சம்பளச் சீட்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் முன்னால் எடுத்துக்கொள்ள வேண்டியது பழைய வழக்கின் தாள்கள். மனுப் படிவமே, கடந்த 8 ஆண்டில் வேறு திவால் மனு கொடுத்திருக்கிறீர்களா, எந்த நீதிமன்றத்தில், எந்த நாளில், வழக்கு எண் என்ன என்று கேட்கிறது. பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று ஒப்புக்கொண்டுதான் அதில் கையெழுத்திடுகிறோம். வீடு மாறி மாறித் தாள்கள் தொலைந்திருந்தால், திவால் நீதிமன்றங்களின் தானியங்கித் தொலைபேசித் தகவல் சேவையை அழைத்துப் பெயரைக் கொடுத்தாலே மனு சேர்த்த நாளையும் வழக்கு எப்படி முடிந்தது என்பதையும் கட்டணமில்லாமல் கேட்டுக்கொள்ளலாம்.